குழுநிலை விவாதத்தையும் கேளுங்கோ

இலங்கைப் பாராளுமன்றத்தில வரவு செலவுத் திட்ட உரை வாசிக்கிற அண்டைக்கு மட்டும்தான் எங்கட சனம் ரேடியோவுக்குப் பக்கத்தில இருக்கும். அது இரண்டாம் வாசிப்பின்ர, அதாவது முழுத் திட்டத்தையும் பொதுவாப் பேசுற கட்டத்தின்ர, தொடக்கம் மட்டும்தான். இரண்டாம் வாசிப்பின்ர முடிவில வாற வாக்கெடுப்பு முடியத்தான் குழுநிலை விவாதம். அமைச்சு அமைச்சா, செலவுத் தலைப்பு தலைப்பா (எந்த வேலைக்கு எவ்வளவு ஒதுக்கீடு எண்டு) காசைப் பற்றிப் பேசுறது அங்கதான். பிறகு மூண்டாம் வாசிப்பு, கடைசி வாக்கு.

225 எம்பிமாரில வன்னித் தேர்தல் மாவட்டத்துக்கு 6 பேர். மன்னார், வவுனியா, முல்லைத்தீவு எல்லாம் அந்த ஆறுக்குள்ள. (கிளிநொச்சி யாழ்ப்பாணத்தோட.)

நேற்று அம்மா உரப்பையைத் தலையில வச்சு, செருப்பைக் கையில பிடிச்சுக்கொண்டு, உடைஞ்ச மதகடியில முழங்கால் தண்ணிக்குள்ளால நடந்து வயலுக்குப் போனவ. மூண்டு மாரியா இப்பிடித்தான். நீர்ப்பாசனத்துக்குரிய தலைப்பு எடுக்கிற நாளில எங்கட ஆக்களில ஆர் எழும்பிப் பேசினவை, ஆர் சபையில இல்லை எண்டு கொப்பியில எழுதி வைக்கப்போறன். அண்ணையவை, அக்காவை, நீங்களும் எழுதுங்கோ.