வீடு வந்துவிடுகிறது, பள்ளியும் கடையும் எப்போது வருகின்றன?

சென்ற ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவன் ஒருவன் சிங்கப்பூரின் பொங்கோல் பேட்டையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்திருந்தான். தொடக்கநிலை ஐந்தில் என்னிடம் தமிழ் படித்தவன். இப்போது இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன். பல ஆண்டுகளாக நாடாளுமன்ற உறுப்பினரின் மக்கள் சந்திப்பு நிகழ்ச்சியில் தொண்டூழியராக அமர்ந்து, குடியிருப்பாளர்களுக்கு முறையீட்டுக் கடிதம் எழுதிக் கொடுப்பவன். அடுத்த பொதுத்தேர்தலில் அவனை வேட்பாளராக நிறுத்தும் எண்ணம் கட்சியில் சிலருக்கு இருக்கிறதாம். எந்தக் கட்சி என்பது இந்தப் பதிவுக்குத் தேவையில்லை. "டீச்சர், பள்ளிகள், கடைகள், பேட்டை வளர்ச்சி ஆகிய மூன்றிலும் என் முன்னுரிமைகளை ஒரு பக்கத்துக்குள் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நீங்கள் ஒருமுறை பார்த்துச் சொல்ல வேண்டும்" என்று ஒரு தாளை நீட்டினான். அன்று மாலை அவனிடம் சொன்னவற்றையும், சொல்ல மறந்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தாளின் முதல் வரி, "நம் பேட்டையில் இன்னொரு தொடக்கப்பள்ளி கட்டுவேன்" என்று இருந்தது. அந்த வரியை அடித்துவிடு என்றேன். அவன் முகம் சற்று வாடியது. ஆயினும் அது அவன் கொடுக்கக்கூடிய வாக்குறுதி அன்று. நம் நாட்டில் உள்ளாட்சித் தேர்தல் என்று தனியாக ஒன்று இல்லை. நகரசபைக்குக் கடைசியாக 1957 டிசம்பரில் தேர்தல் நடந்தது. 32 இடங்களுக்கு நடந்த அந்தத் தேர்தலுக்குப் பின் ஓங் எங் குவான் மேயரானார். 1959-ல் தன்னாட்சி வந்ததும் நகரசபையின் பணிகளை அரசாங்கமே ஏற்றுக்கொண்டது. 1988-ல் நகர மன்றச் சட்டம் நடப்புக்கு வந்ததிலிருந்து, நாம் தேர்ந்தெடுக்கும் நாடாளுமன்ற உறுப்பினரே நகர மன்றத்தையும் நடத்துகிறார். ஆகவே சட்டம் இயற்றுபவரையும் தாழ்வாரத்து விளக்கு எரிகிறதா என்று பார்ப்பவரையும் ஒரே வாக்கில் தேர்ந்தெடுக்கிறோம். நகர மன்றத்தின் கையில் இருப்பவை வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) கட்டிய புளோக்குகளின் பொது இடங்கள்: தாழ்வாரம், கீழ்த்தளம், மின்தூக்கி, தண்ணீர்த் தொட்டி, துப்புரவு ஆகியவை. பள்ளி எங்கே வரும் என்பதைக் கல்வி அமைச்சும், நிலம் எதற்குப் பயன்படும் என்பதை நகர மறுசீரமைப்பு ஆணையமும், புதிய பேட்டையில் கடை வாடகையை வீவகவும் முடிவு செய்கின்றன. வேட்பாளர் "கட்டுவேன்" என்று சொல்ல முடியாது. எந்தக் கணக்கை வைத்துக்கொண்டு, யாரிடம், எந்த ஆண்டுக்குள் கேட்பேன் என்று சொல்ல முடியும். நான் அவனிடம் எதிர்பார்ப்பது அந்தக் கணக்கைத்தான்.

கணக்கு என்று நான் சொல்வது காலக் கணக்கை. நானும் என் கணவரும் அங் மோ கியோவிலிருந்து 2012-ல் இங்கே குடிவந்தோம். பொங்கோலின் பெருந்திட்டம் 1996-ல் அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு வந்த ஆசிய நிதி நெருக்கடியில் தேங்கி, 2007-ல் மீண்டும் உயிர்பெற்றது. நாங்கள் வந்தபோது பேட்டையின் நடுவே ஓடும் நீர்வழி திறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. மாலை நடைக்கு அதைவிட அழகான இடம் கிடையாது. ஆனால் ரயில் நிலையத்தை ஒட்டிய பெரிய கடைத்தொகுதி 2016-ல்தான் வந்தது. பலதுறை மருந்தகம் 2017-ல். உணவங்காடி நிலையம் 2022-ல். பொங்கோல் மேற்கு இலகு ரயில் (எல்ஆர்டி) பாதை 2014-ல் ஓடத் தொடங்கியபோதே கட்டி முடிக்கப்பட்டிருந்த டெக் லீ நிலையம் 2024 ஆகஸ்ட் வரை பூட்டியே கிடந்தது. ரயில் அங்கே நிற்காமல் கடந்து போகும். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் வாங்க வடகிழக்கு ரயிலில் ஏறி லிட்டில் இந்தியாவில் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு திரும்பிய ஆண்டுகள் பல. இதைக் குறையாகச் சொல்லவில்லை. வீடுகள் ஒரே வீச்சில் எழும்புகின்றன, மற்றவை ஒவ்வொன்றாகப் பின்தொடர்கின்றன, அந்த இடைவெளியில்தான் மக்கள் வாழ்கிறார்கள் என்பதைச் சொல்கிறேன். மேற்கில் எழும்பும் புதிய பேட்டையான தெங்காவிலும் அதே வரிசையைத்தான் பார்க்கிறோம். 42,000 வீடுகளுக்கான திட்டம் 2016-ல் அறிவிக்கப்பட்டது. முதல் குடும்பங்கள் 2023-ல் குடியேறின. ஜூரோங் வட்டார ரயில் பாதை அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான் கட்டங்கட்டமாகத் திறக்கப்படும் திட்டம்.

பள்ளிகளில் இந்த இடைவெளி மிகத் தெளிவாகத் தெரியும். புதிய பேட்டையில் குடியேறுவோரில் பெரும்பாலோர் இளந்தம்பதியர். ஆகவே பிள்ளைகளும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பள்ளி வயதை எட்டுகிறார்கள். தொடக்கநிலை ஒன்றுக்கான பதிவில் வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையே ஒரு கிலோமீட்டருக்குள் தொலைவு இருப்போருக்கு முன்னுரிமை உண்டு. அந்த முகவரியைக் காட்டிச் சேர்ந்தால் குறைந்தது 30 மாதங்கள் அங்கே வசிக்க வேண்டும். 2022 முதல், பள்ளியோடு முன்தொடர்பில்லாத குடும்பங்களுக்கான '2சி' கட்டத்துக்கு ஒவ்வொரு பள்ளியிலும் 40 இடங்கள் ஒதுக்கப்படுகின்றன. இருந்தும் எதிர் புளோக்குப் பிள்ளைகள் பலர் ஒரே பள்ளிக்கு மனுச்செய்யும்போது குலுக்கலைத் தவிர்க்க முடிவதில்லை. சில ஆண்டுகளில் அந்தப் பிள்ளைகள் வளர்ந்துவிடுவார்கள். அப்போது உயர்நிலைப்பள்ளி போதவில்லை என்ற குரல் எழும். புக்கிட் பாத்தோக்கில் இருந்த யூசோஃப் இஷாக் உயர்நிலைப்பள்ளி 2021-ல் பொங்கோலுக்கு இடம்பெயர்ந்ததை நான் அப்படித்தான் புரிந்துகொள்கிறேன்: பிள்ளைகள் இருக்கும் இடத்துக்குப் பள்ளி வந்தது. பிள்ளைகள் குறையும்போது நேர்வதையும் நாம் பார்த்துவிட்டோம். 2019-ல் 28 பள்ளிகள் இணைந்து 14 ஆயின. அவற்றில் எட்டு தொடக்கக் கல்லூரிகளும் அடங்கும். மொத்தக் கருவள விகிதம், அதாவது ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை, 2023-ல் 0.97 ஆக இருந்த நாட்டில் இன்னும் பல இணைப்புகள் வரும். ஒரு பள்ளியின் பெயர் மறைவதைப் பார்ப்பது ஆசிரியைக்கு எளிதன்று. ஆகவே இன்னொரு பள்ளி என்ற கோரிக்கையை அவன் அவசரமாக வைக்கக் கூடாது. பதினைந்து ஆண்டுகள் கழித்து அந்தக் கட்டடத்தில் யார் இருப்பார்கள் என்று முதலில் கேட்க வேண்டும்.

அதைவிட, அவன் தாளில் இல்லாத ஒன்றை நான் வற்புறுத்தினேன். புதிய பேட்டைக்கு வரும் தமிழ்க் குடும்பம் பள்ளி தேடும்போது தொலைவை மட்டும் பார்த்தால் போதாது. அங்கே தமிழ் வகுப்பு நடக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். சீன மொழிக்கும் பண்பாட்டுக்கும் முக்கியத்துவம் தரும் சிறப்பு உதவித் திட்டப் பள்ளிகளில் தமிழ் கிடையாது. தமிழ் மாணவர் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ள இடங்களில் பிள்ளை பாடத்துக்காக வேறு நிலையத்துக்குச் செல்ல நேரிடும். ஏழு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயணமே தமிழ் மீது சலிப்பை உண்டாக்கிவிடும். என் வகுப்பறையில் பலமுறை கண்டிருக்கிறேன். கல்வி அமைச்சின் பாலர்பள்ளிகள் 2014-ல் தொடங்கியதிலிருந்து ஐந்து, ஆறு வயதிலேயே தமிழ் கற்க வாய்ப்பு விரிந்திருக்கிறது. அந்தத் தொடர்ச்சி தொடக்கநிலை ஒன்றில் அறுந்துபோகக் கூடாது. நான்கு வயதுத் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர், எந்தெந்தப் புளோக்கில் என்று பதிவு தொடங்குவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே எண்ணி எடுத்துக்கொண்டு அமைச்சிடம் போகும் வேட்பாளருக்கு, வெறும் கோரிக்கையோடு போகிறவரைவிட நல்ல பதில் கிடைக்கும். புளோக்கின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமைதோறும் தமிழ் வாசிப்பு வட்டம் நடத்த இடம் தருவது நகர மன்றமே செய்யக்கூடிய காரியம். அதற்கு யாருடைய ஒப்புதலுக்கும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியதில்லை.

கடைகளைப் பற்றி அவன் எழுதியிருந்தது, "சிறு வணிகர்களை ஆதரிப்பேன்" என்ற ஒற்றை வரி. இது எல்லா வேட்பாளர்களும் எழுதும் வரி. எங்கள் புளோக்கின் கீழே 2013-ல் ஓர் அண்ணன் மளிகைக் கடை திறந்தார். காலையில் தேங்காய் துருவிக் கொடுப்பார். இட்லி மாவும் வாழையிலையும் வைத்திருப்பார். சுற்றியுள்ள புளோக்குகள் பாதி காலியாக இருந்த காலம் அது. வாடகையோ முழு வாடகை. இரண்டு ஆண்டுகள் தாக்குப்பிடித்துவிட்டுக் கடையை மூடினார். அவர் மூடிய சில மாதங்களில் எதிர்ப் புளோக்குகளுக்கு ஆட்கள் குடிவந்தார்கள். இந்தக் கதையைக் கேட்டபோதுதான் அவன் பேனாவை எடுத்தான்.

பழைய பேட்டையும் புதிய பேட்டையும் இந்த விஷயத்தில் வேறானவை. வீவக 1998 வரை கடைகளையும் காப்பிக்கடைகளையும் விற்றது. ஆகவே பழைய பேட்டைகளில் பல கடைகள் தனியார் கையில் உள்ளன. 2022-ல் தெம்பனிஸில் ஒரு காப்பிக்கடை 41 மில்லியன் வெள்ளிக்கு மேல் கைமாறியது. அந்தப் பணத்தை மீட்க வேண்டியவர் கடைக்காரரிடம் என்ன வாடகை கேட்பார் என்று எண்ணிப் பார்க்கலாம். அங்கே நாடாளுமன்ற உறுப்பினரின் சொல் அதிகம் எடுபடாது. புதிய பேட்டைகளிலோ கடைக்கு உரிமையாளர் வீவகவே என்பதால், கேட்பதற்கு ஒரு கதவு இருக்கிறது. பேட்டை நிரம்பும் வரையிலான முதல் ஆண்டுகளில், குடிவந்த வீடுகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப வாடகையை ஏற்றலாமா என்று கேட்கச் சொன்னேன். 2025 மே மாதம் குடும்பத்துக்கு 500 வெள்ளி வழங்கப்பட்ட சமூக மேம்பாட்டு மன்ற (சிடிசி) பற்றுச்சீட்டில் பாதியை வட்டாரக் கடைகளிலும் உணவங்காடிகளிலும்தான் செலவிட முடிந்தது. அது கடைக்காரர்களுக்கு உண்மையான உதவி. ஆனால் கடையே இல்லாத முதல் இரண்டு ஆண்டுகளில் அந்தப் பாதியை எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது?

வளர்ச்சி என்ற தலைப்பில் அவன் நிறையவே எழுதியிருந்தான். பெரும்பாலும் கூரையிட்ட நடைபாதைகள். அவை தேவைதான். நான் அவனுக்கு புவாங்கோக் நிலையத்தை நினைவூட்டினேன். வடகிழக்குப் பாதை 2003-ல் திறந்தபோது, சுற்றுவட்டாரத்தில் போதிய ஆட்கள் இல்லை என்று அந்த நிலையம் மூடியே வைக்கப்பட்டது. 2005-ல் நிலையத்தின் அருகே வீண்செலவைக் குறிக்கும் எட்டு வெள்ளை யானை அட்டைகள் நிறுத்தி வைக்கப்பட்டதை அன்று செய்தித்தாளில் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். 2006 ஜனவரியில் நிலையம் திறந்தது. ஆட்கள் வந்த பிறகு வசதி என்ற கணக்கை, வசதி இருந்தால்தான் ஆட்கள் வருவார்கள் என்று குடியிருப்பாளர்கள் அன்று திருப்பிக் கேட்டார்கள். அப்படிக் கேட்கத் தெரிந்தவர் வேட்பாளராக வரட்டும் என்பதே என் விருப்பம்.

மின்தூக்கியைப் பற்றித் தாளில் ஒரு சொல்லும் இல்லை. அவன் கையில் முழுமையாக இருக்கப்போவது அதுதானே! நகர மன்றங்கள் தங்கள் வருவாயில் குறைந்தது 14 விழுக்காட்டை மின்தூக்கிகளை மாற்றுவதற்கான நிதியில் சேர்க்க வேண்டும் என்ற விதி 2017 முதல் இருக்கிறது. பொங்கோலின் புளோக்குகளில் பெரும்பாலானவை சில ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து எழும்பியவை. ஆகவே மின்தூக்கிகளும் அடுத்தடுத்து மூப்படையும். அதே சமயத்தில் இங்கே குடிவந்த இளந்தம்பதியரும் என் வயதை எட்டியிருப்பார்கள். இன்று பள்ளி இடத்துக்கு நெருக்கியடிக்கும் அதே குடும்பங்கள் அன்று மின்தூக்கிக்குக் காத்து நிற்கும்.

"மின்தூக்கி நிதியைப் பற்றி எழுதினால் யார் எனக்கு ஓட்டுப் போடுவார்கள், டீச்சர்?" என்று கேட்டான். பதினான்காம் மாடியில் முழங்கால் அறுவை முடிந்து இருக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாவிடம் அவனை அழைத்துப் போனேன். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். திரும்பி வந்ததும் தாளின் பின்பக்கத்தில் புதிதாக எழுதத் தொடங்கினான்.

அடுத்த சனிக்கிழமை மளிகைக்கடை அண்ணனைப் பார்க்கப் போகிறோம். அவர் இப்போது லிட்டில் இந்தியாவில் தேக்கா பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறார். எங்கள் புளோக்கில் ஐந்து வயதுக்குட்பட்ட தமிழ்ப் பிள்ளைகள் ஒன்பது பேர் இருப்பதை நான் எண்ணிவிட்டேன். எதிர்ப் புளோக்கை எண்ணி வருவதாக அவன் சொல்லியிருக்கிறான்.