பெரி மேசன் தோற்றுப்போன நாள்

நேற்று இரவு 'பெரி மேசன்' என்ற அமெரிக்க வக்கீல் தொடரில் 'தி கேஸ் ஆஃப் தி டெட்லி வெர்டிக்ட்' பார்த்தேன். 1963 அக்டோபரில் சிபிஎஸ் தொலைக்காட்சியில் வந்த அத்தியாயம். இன்னும் மனசை விட்டுப் போகவில்லை.

இந்தத் தொடரின் வழக்கம் ரசிகர்களுக்குத் தெரியும். கொலை நடக்கும், அப்பாவி ஒருவர் மாட்டிக்கொள்வார், கடைசியில் அவருடைய வக்கீல் மேசனின் குறுக்கு விசாரணையில் உண்மையான கொலையாளி உடைந்துபோவார். 1957 முதல் 1966 வரை 271 அத்தியாயங்கள், பெரும்பாலும் இதே பாதைதான். இதில் மட்டும் எடுத்த எடுப்பிலேயே ஜூரி தீர்ப்பு வந்துவிடுகிறது: குற்றவாளி! மேசனின் கட்சிக்காரர் ஜேனிஸ் பார்ட்டனுக்குக் காத்திருப்பது கலிஃபோர்னியாவின் விஷவாயு அறை.

எனக்கு மேசனாக நடிக்கும் ரேமண்ட் பர் முகத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. எப்போதும் மலை மாதிரி நிற்கும் மனிதர், அன்று தோற்றுப்போய் நிற்கிறார். ஜேனிஸாக ஜூலி ஆடம்ஸ். தன் வக்கீலிடமே முழு உண்மையைச் சொல்லாத பெண். அவள் மேல் கோபம் வந்தது, அப்புறம் அந்தக் கோபமே பரிதாபமாக மாறியது.

தீர்ப்புக்குப் பிறகும் மேசன் ஃபைலை மூடவில்லை. அவருடைய செயலாளர் டெல்லாவும் துப்பறிவாளர் பால் டிரேக்கும் கூடவே நிற்கிறார்கள். வழக்கமாக 'யார் கொலையாளி' என்று யோசித்துக்கொண்டே பார்ப்பேன். நேற்று அது இரண்டாம்பட்சம். நேரத்துக்குள் அவளைக் காப்பாற்றிவிடுவாரா என்ற தவிப்புதான்.

கொலையாளி யார் என்று சொல்லமாட்டேன். கறுப்பு வெள்ளை என்று தள்ளிவிடாமல் பாருங்கள். பார்த்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.