மைனூவை உட்கார வைத்த கதை

"அமோரிம்தான் போய்விட்டாரே, இன்னுமா புலம்பல்?" என்கிறார்கள். ஆமாம், இன்னும்தான். அமோரிம் பயிற்சியாளராக இருந்தபோது நம்ம கால்பந்து அணி மான்செஸ்டர் யுனைடெட் தோற்றதுகூடப் பரவாயில்லை. 2024-25 பிரீமியர் லீக்கில் 15-வது இடம், அதையும் விழுங்கிக்கொண்டோம். அவர் வீரர்களை நடத்திய விதம்தான் ஆறவே மாட்டேன் என்கிறது.

நடுக்கள வீரர் கோபி மைனூவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 யூரோ (ஐரோப்பியக் கோப்பை) இறுதிப்போட்டியில் இங்கிலாந்தின் முதல் பதினொருவரில் ஒருவராக இறங்கியபோது வயது 19. அதே பையன் இங்கே பெஞ்சில்! காரணம் கேட்டால் 3-4-3, அதாவது பின்னால் மூவர், நடுவில் நால்வர், முன்னால் மூவர் ஆடும் முறை. அந்த நால்வரில் இருவர் ஓரங்களுக்குப் போக, நடுக்களத்தின் மையத்தில் இரண்டே இடம், அதில் ஒன்று கேப்டன் புரூனோவுக்கு. புரூனோவோ கோலுக்குப் பக்கத்தில் ஆட வேண்டிய ஆள். இருக்கிற ஆட்களைப் பார்த்து முறையை மாற்றுவதா, முறைக்காக ஆட்களை ஒதுக்குவதா?

முன்கள வீரர் ராஷ்ஃபோர்ட் விஷயம் வேறு. பயிற்சியில் சுணங்கினால் நீக்கட்டும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் 2025 ஜனவரியில், முழு உழைப்பைக் கொடுக்காதவருக்குப் பதில் 63 வயது கோல்கீப்பர் பயிற்சியாளரையே பெஞ்சில் வைப்பேன் என்று செய்தியாளர்களிடம் சொன்னாரே, அது எதற்கு? அறைக்குள் திட்டுங்கள், யார் கேட்கப் போகிறார்கள்? ஊரறிய மானத்தை வாங்கினால் சந்தையில் விலையும் சேர்ந்துதான் இறங்கும். அப்புறம் என்ன, லோனில், அதாவது தற்காலிகமாக, ஆஸ்டன் வில்லா அணிக்குப் போனார், அதற்குப் பிறகு பார்சிலோனா.

கிரிம்ஸ்பி பேச்சை மட்டும் யாரும் எடுக்காதீர்கள். அந்த நான்காம் டிவிஷன் அணியிடம் பெனால்டியில் 12-11 என்று தோற்றோம். போதும் சாமி.