பாட்டாவின் குதிரைத் தட்டு

எங்கள் வீட்டில் நல்லமிளகு காயப்போட ஒரு தகரத் தட்டு இருந்தது. வட்டத் தட்டு, முக்கால் முழ அகலம். நடுவில் சிறகு விரித்த வெள்ளைக் குதிரை, அதன் முதுகில் ஒரு பீப்பாய். சின்ன வயதில் எனக்கு அது பீர் விளம்பரம் என்றே தெரியாது. குதிரைத் தட்டு, அவ்வளவுதான். மிளகை விரலால் ஒதுக்கினால் குதிரையின் கால் தெரியும், இன்னும் கொஞ்சம் ஒதுக்கினால் சிறகு. பாட்டியிடம் அடி விழும்வரை ஒதுக்கிக்கொண்டே இருப்பேன்.

பாட்டா, அதாவது என் தாத்தா, நாகர்கோவிலில் ஒரு லாட்ஜில் சப்ளையராக இருந்தவர். 1971-இல் தமிழ்நாட்டில் மதுவிலக்கைத் தளர்த்தினார்கள். லாட்ஜ் முதலாளி மாடியில் நாலு மேசை போட்டு பீர் விற்க ஆரம்பித்தார். அந்தச் சமயத்தில் கம்பெனிக்காரர்கள் கொண்டு வந்து கொடுத்த தட்டுகள் இவை. 1974-இல் திரும்பவும் மதுவிலக்கு வந்தது. மாடி மேசைகள் கீழே சாப்பாட்டுக்கு இறங்கின, தட்டுகளைக் கேட்பாரில்லை. பாட்டா இரண்டை வீட்டுக்குக் கொண்டு வந்தார். ஒன்று அக்கா கல்யாணத்துக்கு வெள்ளையடித்தபோது பழைய இரும்போடு போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு ஆறவில்லை. மிச்சம் இருப்பது இந்த ஒன்றுதான்.

பாட்டாவுக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. புட்டிகளை லேபிள் படத்தை வைத்துத்தான் அடையாளம் பிடிப்பாராம். "மூணாம் மேசைக்கு ஒரு குதிரை" என்று கீழே குரல் கொடுப்பாராம். பீர் விளம்பரத்தின் சூட்சுமமே அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. இங்கிலாந்தில் பாஸ் என்ற பீர் கம்பெனியின் சிவப்பு முக்கோணம் 1876-இல் அந்த நாட்டின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது. எழுத்துத் தெரியாதவரும் முக்கோணத்தைக் காட்டிக் கேட்டுவிடலாம். பெங்களூர் யுனைடெட் ப்ரூவரீஸின் சின்னம் இந்தச் சிறகுக் குதிரை. தாமஸ் லீஷ்மன் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1915-இல் தென்னிந்தியாவின் ஐந்து ப்ரூவரிகளைச் சேர்த்து உண்டாக்கிய கம்பெனி அது. நீலகிரியில் இருந்த பழைய ப்ரூவரிகளும் அந்த ஐந்தில் உண்டு. 1947-இல் விட்டல் மல்லையா அதன் முதல் இந்திய இயக்குநர் ஆனார். ஆரம்பத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்காகப் பெரிய பீப்பாய்களில் அடைத்து மாட்டு வண்டியில் அனுப்பிய சரக்கு, பிற்காலத்தில் புட்டியும் லேபிளுமாக எங்கள் ஊர் மாடி மேசைவரை வந்து சேர்ந்திருக்கிறது. மாட்டு வண்டியில் போன பீப்பாய் குதிரை முதுகில் ஏறிப் பறக்கிறது என்றுதான் அந்தப் படத்தை நான் பார்க்கிறேன்.

சரி, நான் ஏன் இந்தத் தட்டை இப்படிப் பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்தில் ஒரு ஆப்செட் அச்சகத்தில் இருபத்திரண்டு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். கல்யாண அட்டை, நோட்டீஸ், கடை காலண்டர், எல்லாம் என் கையால் போவதுதான். நாலு வருடத்துக்கு முன்னால் பாட்டி இறந்தபின், அடுக்களைப் பரணில் இருந்து இந்தத் தட்டை எடுத்தேன். கழுவித் துடைத்து, அச்சகத்து லென்ஸை அதன்மேல் வைத்துப் பார்த்தேன். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

காகிதம் தானே வெள்ளை. தகரம் அப்படியில்லை. அதனால் முதலில் தட்டு முழுக்க ஒரு வெள்ளைப் பூச்சு கொடுத்திருக்கிறார்கள். குதிரையின் உடம்பு தனியாக அச்சடித்த வெள்ளை இல்லை, சிவப்பு படாமல் விட்ட இடம். அதன்மேல் மஞ்சள், சிவப்பு, கடைசியில் கறுப்பு. தகரம் மையைக் குடிக்காது. ஒவ்வொரு மை போட்ட பிறகும் தகடு சூளைக்குள் போய்ச் சூடேறிக் காய்ந்து வெளியே வர வேண்டும். இத்தனையும் தகடு தட்டையாக இருக்கும்போதே நடக்கும். அதற்கப்புறம்தான் தட்டு வடிவ இரும்பு அச்சில் வைத்து அழுத்தி அதைத் தட்டாக்குவார்கள். விளிம்பு வளையும்போது மையும் சேர்ந்து வளைய வேண்டும், வெடிக்கக் கூடாது. இந்தத் தட்டின் விளிம்பில் அம்பது வருடம் கழித்தும் இரண்டே இடத்தில்தான் பூச்சு விட்டிருக்கிறது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகாத பிஸ்கட் டப்பா எத்தனையோ உரிந்து போவதைப் பார்த்திருக்கிறேன்.

குதிரையின் இடது காதருகே லென்ஸை வைத்தால் ஒரு வெள்ளைக் கீற்று தெரியும். மயிரிழைதான். கறுப்புக் கோட்டுக்கும் சிவப்புக்கும் நடுவே வெள்ளை எட்டிப் பார்க்கிறது. சிவப்பு கொஞ்சம் விலகி விழுந்திருக்கிறது. ரெஜிஸ்டர் போயிருக்கிறது என்று நாங்கள் சொல்வோம். ஒருநாளில் எத்தனை முறை இந்தக் கீற்றைத் தேடி மெஷினை நிறுத்தித் திருகுகிறேன் தெரியுமா! யாரோ ஒருவர் எங்கோ ஒரு மெஷின் முன்னால் நின்று, இதேபோலத் தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்து, பரவாயில்லை போகட்டும் என்று விட்டிருக்கிறார். அவருடைய பெயர் எந்தத் தட்டிலும் கிடையாது. என் பெயரும் எந்தக் கல்யாண அட்டையிலும் கிடையாது.

இன்னொன்று. ஆப்செட் என்றால் காகித வேலை என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். முதலில் தகரத்துக்காகத்தான் அதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்தக் காலத்தில் அச்சுக் கல்லில் வரைந்திருக்கும் படத்தை நேராகத் தகரத்தில் அழுத்தினால் சரியாக விழாது, இரண்டுமே விறைப்பு. அதனால் 1875-இல் லண்டனில் ராபர்ட் பார்க்லே என்பவர் படத்தை இடையில் ஒரு பரப்பில் வாங்கி, அங்கிருந்து தகரத்துக்கு மாற்றும் மெஷினுக்குக் காப்புரிமை எடுத்தார். அதே வழி காகிதத்துக்கும் நல்லது என்று அமெரிக்காவில் ஐரா ரூபெல் 1904-ஐ ஒட்டித்தான் கண்டுகொண்டார். என் வீட்டில் அடுப்பெரிய வைக்கும் மெஷினுக்கு இந்தத் தட்டு வகையறாதான் மூத்தது.

தட்டை வீட்டில் மாட்டுவதில் அம்மாவுக்குச் சம்மதம் இல்லை. என் மாமா, அம்மாவின் தம்பி, குடித்தே போனவர். முப்பத்தெட்டு வயது. அவர் போன வருடம் நான் பத்தாம் வகுப்பு. "அந்தப் படத்த நடுவீட்டுல மாட்டப்பிடாது மக்ளே" என்று அம்மா சொன்னபோது நான் மறுபேச்சுப் பேசவில்லை. நான் குடிப்பதில்லை. குடியை விற்க இவ்வளவு அழகான வேலை செய்தார்களே என்று எனக்கும் சங்கடம் உண்டு. தொலைக்காட்சியில் 2000-இல் மது விளம்பரத்தைத் தடுத்தது சரி என்றுதான் நினைக்கிறேன். அதற்காக அந்த வேலையை இரும்புக் கடையில் கிலோ கணக்கில் போடவும் எனக்கு மனசு வராது. அச்சகத்தில் மெஷினுக்கு எதிர்ச் சுவரில், வெயில் படாத இடத்தில் மாட்டினேன்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஏதாவது கிடக்கலாம். தட்டு, சாம்பல் கிண்ணம், விளம்பரக் கண்ணாடி. தயவுசெய்து புளியும் சாம்பலும் போட்டுத் தேய்க்காதீர்கள், மேல் பூச்சு அப்படியே வந்துவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய பருத்தித் துணி, அது போதும். குளச்சல், முட்டம் பக்கம் கடலோர வீடுகளில் உப்புக் காற்று துருவைச் சீக்கிரம் ஏற்றும். விளிம்பு மடிப்பில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய் தடவி வையுங்கள். என் தட்டின் மடிப்பைத் துடைக்கும்போது உள்ளேயிருந்து மூன்று மிளகு உதிர்ந்தது.

போன மாதம் சித்தப்பா மகள் கல்யாண அட்டைக்கு புரூப் பார்க்க அம்மா அச்சகத்துக்கு வந்தாள். தட்டை எடுத்து வந்தபின் அதை அவள் பார்த்திருக்கவில்லை. அட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரருகே போனாள். குதிரையைப் பார்க்கவில்லை. விளிம்பில் பூச்சு விட்ட இடத்தை விரலால் தடவினாள்.

"ஒங்க பாட்டி தேங்கா திருவுற திருவலக்குத்திய இதுமேல போட்டுட்டா. அன்னைக்கு பாட்டா சோறு திங்கல."

கொஞ்ச நேரம் கழித்து, "இந்த வருசம் மிளகு பறிச்சாச்சு, சொளவுல கொள்ளல" என்றாள்.

சாயங்காலம் தட்டைக் கழற்றித் துணியில் சுற்றி வண்டியில் வைத்தேன். வெயிலுக்குச் சிவப்பு மங்கும். மேலே வெள்ளைத் துணி விரித்துத்தான் மிளகைப் போட வேண்டும் என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன்.