ஃபேர்னஸுக்குள் ஓடும் இரண்டு காற்று

ஒக்டோபர் முடிய ரொறன்ரோ வீடுகளின் பேஸ்மென்ட் மூலையில், வீட்டைச் சூடாக்கும் காஸ் ஃபேர்னஸ் என்ற பெட்டி மறுபடி உறுமத் தொடங்கும். ஏப்ரல் வரை ஓயாது. வீட்டில் அதிகம் காஸ் குடிப்பதும் அதுதான், வீட்டுக் காற்று முழுவதையும் நாளுக்குப் பலமுறை இழுத்து விடுவதும் அதுதான்.

அதற்குள் இரண்டு காற்று ஓடுகிறது. ஒன்று எரிவதற்கான காற்று. புதுரகப் பெட்டிகளில் அது வெளிச் சுவரிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் வழியே வந்து, பர்னரில் காஸோடு எரிந்து, உலோக அறைகளுக்குள் வளைந்து சென்று, மற்றக் குழாயால் வெளியே போகும். மற்றது நாம் சுவாசிக்கும் காற்று. விசிறி அதை ஃபில்டர் வழியே இழுத்து, சூடான அந்த உலோக அறைகளின் வெளிப்புறமாகத் தள்ளி, வீட்டின் அறைகளுக்கு அனுப்பும். இரண்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது. நடுவில் இருப்பது ஒரு மெல்லிய தகடு மட்டுமே.

ஒரு கனமீற்றர் காஸ் எரிந்தால் ஏறக்குறைய 10.5 கிலோவாற்-மணி வெப்பமும், ஒன்றரை லீற்றருக்குச் சற்று மேலான தண்ணீர் ஆவியாகவும் வரும். பழைய புகைபோக்கி ரகங்கள் அந்த ஆவியை அதன் வெப்பத்தோடு வானத்துக்கு அனுப்பிவிட்டன. புதியவை இரண்டாவது உலோக அறையொன்றில் புகையைக் குளிரவைத்து ஆவியைத் தண்ணீராக்கி, அந்த வெப்பத்தையும் பிடித்துக்கொள்கின்றன. கனடாவில் 2019 யூலை முதல் புதிய காஸ் ஃபேர்னஸ்களுக்கு 95 வீதத் திறன் கட்டாயம். புகை ஆறிப் போவதால்தான் பிளாஸ்டிக் குழாயே போதுமாகிறது. பெட்டியிலிருந்து நிலத்து வடிகாலுக்குப் போகும் சிறு குழாயும் அந்தத் தண்ணீருக்காகத்தான். அது அமிலத்தன்மை உள்ளது; கடுங்குளிர் நாளில் வாளிக்கணக்கில் வரும்.

நடு இரவில் ஃபேர்னஸ் நின்றுபோனால் முதலில் பார்க்க வேண்டியது இந்த இரண்டு இடங்களைத்தான். வெளிக் குழாய்களின் வாயைப் பனி மூடியிருக்கிறதா? வடிகுழாய் மடிந்தோ, உறைந்தோ, அழுக்கடைத்தோ இருக்கிறதா? இரண்டில் எது அடைத்தாலும், புகை சரியாக வெளியே போகிறதா என்று கவனிக்கும் அழுத்த சுவிட்ச் காஸைத் திறக்க விடாது. அது பழுதல்ல, பாதுகாப்பு. பனி கொட்டி முடிந்ததும் வாசலை வழிப்பதோடு அந்தக் குழாய்களைச் சுற்றியும் வழித்துவிடுங்கள்.

தீ பற்றி, மூன்று நான்கு விநாடியில் அணைந்து, மறுபடி பற்றி அணைந்தால் பெரும்பாலும் தீயை உணரும் கம்பியில் படிவு ஏறியிருக்கும். உறுதியாக எரிகிறது என்ற செய்தி போகாததால் காஸ் மூடப்படுகிறது. மெல்லிய உருக்குக் கம்பளியால் துடைத்தால் தீரும் வேலை. ஆனால் பர்னர் பக்கத்தைத் திறப்பது உரிமம் உள்ள காஸ் டெக்னீஷியனின் வேலை. ஆண்டுச் சேவைக்கு வருபவரிடம் அந்தக் கம்பியையும், வடிகுழாய் வழியிலுள்ள தண்ணீர்ப் பொறியையும் சுத்தம் செய்யச் சொல்லுங்கள். போகும் புகையில் காபன் மொனொக்சைட் என்ற நச்சு வாயுவின் அளவையும் அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். ஃபில்டரை மட்டும் மாற்றிவிட்டுப் போவது சேவையல்ல.

ஃபில்டரை நீங்களே மாற்றலாம். அம்புக்குறி விசிறியின் பக்கம் பார்க்க வேண்டும். எவ்வளவு நுண்ணிய தூசைப் பிடிக்கும் என்பதைச் சொல்லும் எண்தான் மேர்வ் (MERV). ஒரு அங்குலத் தடிப்பு என்றால் மேர்வ் 8 போதும், 11 வரை போகலாம். நல்லது என்று நினைத்து அதே ஒரு அங்குலத்தில் மேர்வ் 13 போட்டால் பல வீடுகளில் காற்றோட்டம் திணறும். உலோக அறை அளவுக்கு மீறிச் சூடாகி, காஸ் நின்று, விசிறி மட்டும் ஓடும். ஆறியதும் மறுபடி பற்றும். இப்படியே பருவக்கணக்கில் போனால் இரண்டு காற்றையும் பிரிக்கும் அந்தத் தகட்டில் கீறல் விழலாம். மேர்வ் 13 வேண்டுமானால் நான்கு அங்குல ஃபில்டருக்கான கூடு பூட்டுங்கள். பாவிக்காத அறைகளின் வென்ட்களை மூடிவிடுவதும் இதே திணறலைத்தான் தரும், காஸ் மிச்சமாகாது.

நம் வீடுகளில் பொரியலும் தாளிதமும் அதிகம் என்பதால் அடுப்புக்கு மேல் புகையை வெளியே இழுக்கும் வலுவான ஹூட் பூட்டுகிறார்கள். சரியான முடிவு. காஸ் அடுப்பு நைதரசனீரொட்சைட் என்ற கெட்ட வாயுவையும் விடுகிறது, ஃபேர்னஸ் ஃபில்டர் அதைப் பிடிக்காது. ஆனால் ஹூட் வெளியே தள்ளும் காற்றுக்கு ஈடாக எங்கிருந்தோ காற்று உள்ளே வந்தாக வேண்டும். ஜன்னல் கசிவுகளை அடைத்து இறுக்கிய வீட்டில், பழைய புகைபோக்கி ரகச் சுடுநீர்த் தாங்கி இருந்தால், அதன் புகைவழியே காற்று கீழ்நோக்கி இழுபடலாம். புகை பேஸ்மென்ட்டுக்குள் திரும்பும். அங்கே யாராவது வாடகைக்குப் படுத்திருந்தால் முதலில் பாதிக்கப்படுவது அவர்தான்.

இதைச் சோதிக்க ஒரு ஊதுபத்தி போதும். கதவு ஜன்னல்களைப் பூட்டி, ஹூட், குளியலறை விசிறிகள், உடுப்புக் காயவைக்கும் இயந்திரம் எல்லாவற்றையும் போடுங்கள். சுடுநீர்க் குழாயைத் திறந்து தாங்கியின் பர்னரை எரியவிடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து, தாங்கியின் மேலே குழாய் தொடங்கும் திறந்த கூம்பின் விளிம்பில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே இழுபட்டால் நல்லது. உங்கள் பக்கம் திரும்பினால் விசிறிகளையும் தாங்கியையும் நிறுத்தி, ஜன்னலைத் திறந்து, டெக்னீஷியனை அழையுங்கள். அவர் வரும்வரை தாங்கியைப் போட வேண்டாம்.

காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை. அலாரம் படுக்கை அறைகளுக்கு அருகிலும் ஒவ்வொரு தளத்திலும் இருக்கட்டும், பேஸ்மென்ட்டை விட்டுவிடாதீர்கள். பின்புறத்தில் அச்சிட்ட காலாவதித் திகதியைப் பாருங்கள். பொதுவாக ஏழிலிருந்து பத்து ஆண்டுதான் ஆயுள். அது அலறினால் எல்லோரும் வெளியே வந்து 911 அழையுங்கள். அழுகின முட்டை மணம் வந்தால் அது காஸ் கசிவு. லைட் சுவிட்சைத் தொடாமல், போனையும் உள்ளே பாவிக்காமல் வெளியேறி, தெருவில் நின்று அழையுங்கள்.