உள்ளே விட்டிருந்த துணி

ஜனவரி 5, 2025, ஞாயிறு

ஏறக்குறைய பதினான்கு மாதங்களுக்குப் பிறகு இன்று காலை எடை பார்த்தேன். 79.4 கிலோ. 2022-இல் 82 கிலோவில் தொடங்கி எட்டே மாதங்களில் 66-க்கு வந்தவள் நான். 2023 ஆடியில் அம்மா இடுப்பெலும்பு முறிந்து படுத்தார். அன்று முதல் இரவெல்லாம் அவர் அருகில் விழித்திருந்ததும், வண்டியூர்த் தெப்பக்குளத்தைச் சுற்றி நடப்பது நின்றுபோனதும், பள்ளி விட்டுப் பசியோடு வந்து அடுப்படியில் நின்றபடியே கையில் கிடைத்ததைத் தின்றதுமாக, குறைந்த எடையில் பெரும்பகுதி திரும்பிவிட்டது. எண்ணைப் பார்க்கப் பயந்து கருவியைக் கட்டிலுக்கடியில் தள்ளி வைத்திருந்தேன். இன்று அதை வெளியே எடுத்துத் துடைத்து, ஏறி நின்றேன். வேறெதையும் இன்று தொடங்கவில்லை.

ஜனவரி 8, புதன்

பொங்கலுக்கு உடுத்த வைத்திருந்த சேலையின் ரவிக்கையில் கை நுழையவில்லை. 2022-இல் அதே ரவிக்கையைப் பிடித்துத் தைக்கக் கொடுத்தபோது, மிச்சத் துணியை வெட்டிவிடுங்கள், இனி எனக்கு அது தேவைப்படாது என்று தையல்காரப் பெண்ணிடம் சொல்லியிருந்தேன். "வெட்டலை டீச்சர், உள்ளேயே விட்டுத்தான் தைச்சேன்" என்று சொல்லிக்கொண்டே அவர் தையலைப் பிரித்தார். இவர் அன்றே என்னை நம்பவில்லையோ என்று ஒரு கணம் வலித்தது. ஆனால் அவர் முகத்தில் குறை சொல்லும் சாயல் எதுவும் இல்லை. எல்லோருக்கும் செய்வதைத்தான் எனக்கும் செய்திருக்கிறார்.

ஜனவரி 12, ஞாயிறு

எடை ஏன் திரும்புகிறது என்று நாள் முழுவதும் படித்தேன். ஆஸ்திரேலியாவில் 50 பேரைப் பத்து வாரங்கள் மிகக் குறைந்த கலோரி உணவில் வைத்து, அவர்களது எடை சராசரியாக 13.5 கிலோ குறைந்த பின்பு தொடர்ந்து கவனித்திருக்கிறார்கள். ஓராண்டு கழிந்த பிறகும் பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் தொடக்கத்தைவிடக் கூடுதலாகவும், போதும் என்று உணர்த்தும் லெப்டின் குறைவாகவுமே இருந்திருக்கின்றன. இது 2011-இல் வெளியான ஆய்வு. 2008-இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட இன்னோர் ஆய்வு, எடை குறையும்போது கொழுப்புச் செல்கள் சுருங்குகின்றனவே தவிர எண்ணிக்கையில் குறைவதில்லை என்கிறது. அதைப் படித்ததும் ரவிக்கையின் உட்தையல்தான் நினைவுக்கு வந்தது. உடலும் எதையும் வெட்டி எறிவதில்லை. மடித்து உள்ளே வைத்துக்கொள்கிறது. ஒன்றரை ஆண்டாக என்னை நானே மனவுறுதியற்றவள் என்று திட்டி வந்திருக்கிறேன். அந்தத் திட்டு ஒருநாள்கூட என்னை நடக்க வைத்ததில்லை. கருவியை ஒளித்து வைக்கத்தான் வைத்தது.

ஜனவரி 15, புதன்

மாட்டுப் பொங்கல். "மறுபடியும் பழைய உடம்பு வந்துடுச்சே அண்ணி" என்றாள் நாத்தனார். முன்பென்றால் அன்றிரவே பட்டினி கிடந்திருப்பேன். இன்று இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போகிறேன்.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம் முடிந்து இரண்டாம் மாடிக்கு ஏறும்போது வலது முழங்கால் பிடித்துக்கொண்டது. மருத்துவர் முதல் இலக்காக உடல் எடையில் ஐந்து விழுக்காட்டை, அதாவது நான்கு கிலோவை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார். அந்த அளவு குறைந்தாலே சர்க்கரையிலும் இரத்த அழுத்தத்திலும் பலன் தெரியத் தொடங்குமாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்களிடம் நடத்தி 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வின்படி, குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மீதான சுமை நான்கு கிலோ அளவுக்குக் குறைகிறது. 66 என்ற எண்ணைவிட இந்தக் கணக்கு எனக்கு நெருக்கமாக இருக்கிறது; படிக்கட்டு தினமும் என் முன்னால் நிற்கிறது அல்லவா!

பிப்ரவரி 9, ஞாயிறு

போன வாரத்தைவிட 300 கிராம் கூடியிருக்கிறது. அரைமணி நேரம் மனம் கசந்து உட்கார்ந்திருந்தேன். பிறகு யோசித்தேன்: 2022-இல் நான் பின்பற்றிய முறை, விடியலில் ஒன்றரை மணி நேரம் ஓய்வாகக் கிடைக்கும் வாழ்க்கைக்கு மட்டுமே பொருந்துவது. சோற்றை அறவே விட்டதும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் படுத்தவுடன் இரண்டும் சேர்ந்தே உடைந்தன. எனவே, அம்மாவைக் கவனித்துக்கொண்டே எவற்றைச் செய்ய முடியுமோ அவற்றை மட்டும் இந்த முறை வைத்துக்கொண்டிருக்கிறேன். ஒரு கிண்ணம் சோறு, அதைப்போல் இருமடங்கு கூட்டும் காயும், மாலை நான்கரை மணிப் பசிக்குப் பள்ளியிலேயே சுண்டல், காலையும் மாலையும் இருபது நிமிட நடை. உணவைக் குறைக்கும்போது கொழுப்போடு தசையும் கரைந்துவிடும் என்பதால், அம்மாவின் கட்டிலருகே நாற்காலி போட்டு, கைகளை ஊன்றாமல் பன்னிரண்டு முறை உட்கார்ந்து எழுகிறேன். எண்ணுவது அம்மாவின் வேலை.

பிப்ரவரி 23, ஞாயிறு

77.6 கிலோ. ரவிக்கை இன்னும் பிரித்துவிட்ட அளவில்தான் இருக்கிறது. மாடிப்படியில் மட்டும் நடுவில் நிற்காமல் ஏறுகிறேன். நேற்று மாலை ஒன்பதாவது முறை எழும்போது எண்ணும் குரல் நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு தானே எழ முயன்றுகொண்டிருந்தார். மூன்று முறை எழுந்தார். நான் எண்ணினேன்.