பல்லுக்குள் வைத்த சிமெண்ட்

கடலூரில் இருபத்தைந்து ஆண்டுகளாக வீடு கட்டிக் கொடுத்து வரும் எனக்கு, சிமெண்டைப் பற்றி ஒரு பல் மருத்துவர் பாடம் எடுக்கும் நாள் வரும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மஞ்சக்குப்பத்தில் இருக்கும் அந்த மருத்துவர், என் கீழ்க் கடைவாய்ப் பல்லின் எக்ஸ்ரேயைத் திரையில் காட்டி, சொத்தைக்கும் பல்லின் உயிருள்ள கூழுக்கும் நடுவே அரை மில்லிமீட்டர்கூட மிச்சமில்லை என்றும், வேர் சிகிச்சைக்குப் போவதற்கு முன் அந்த இடத்தில் டிரைகால்சியம் சிலிகேட் வைத்துப் பார்க்கலாம் என்றும் சொன்னார். "டாக்டர், அது போர்ட்லேண்ட் சிமெண்டில் இருக்கிற சரக்காயிற்றே!" என்றேன். "அதேதான்" என்றார்.

எனக்கு உடனே நினைவுக்கு வந்தவை எங்கள் கொத்தனாரின் விரல்கள். நாள் முழுவதும் ஈரக் கலவையில் புழங்கிய அந்தக் கை, விரலிடுக்குகளில் வெள்ளை வெள்ளையாக வெந்து தோல் உரிந்திருக்கும். வேலை முடிந்ததும் தேங்காய் எண்ணெயைத் தடவிக்கொண்டு செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருப்பார். சிமெண்ட் தண்ணீரோடு சேரும்போது பிறக்கும் சுண்ணாம்பின் காரம் செய்கிற வேலை அது. கையையே வேகவைக்கும் பொருள், நரம்பும் இரத்தக் குழாயும் ஓடுகிற பற்கூழை என்ன பாடுபடுத்தும் என்று கேட்டேன்.

அந்தக் காரம்தான் மருந்து என்பது அவர் பதில். 1920-இல் ஜெர்மனியைச் சேர்ந்த பல் மருத்துவர் ஹெர்மன் இதே நோக்கத்தில்தான் கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றிய சுண்ணாம்பை, பல் மருத்துவத்துக்குக் கொண்டுவந்தார். அது பட்ட இடத்தில் கூழின் மேற்பரப்பு மெல்லிய ஏடு அளவுக்குக் கருகும், கிருமிகளும் சாகும், கருகிய ஏட்டின் அடியில் உள்ள செல்கள் விழித்துக்கொண்டு கூழைச் சூழ்ந்திருக்கும் கெட்டியான பல் திசுவான டென்டினைப் புதிதாகச் சுவர்போல் எழுப்பும். ஆனால் அந்த மருந்து காலப்போக்கில் கரைந்துபோவதும், எழும்பிய சுவரில் துளைகள் இருப்பதும் குறைகளாகவே நின்றன. 1990-களில் கலிபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் டொராபினெஜாத் என்பவர் போர்ட்லேண்ட் சிமெண்டை அடிப்படையாகக் கொண்டு, எக்ஸ்ரேயில் தெரிவதற்காகப் பிஸ்மத் ஆக்சைடு சேர்த்து, எம்.டி.ஏ. (மினரல் டிரையாக்சைடு அக்ரிகேட்) என்ற பொருளை உருவாக்கினார். அது இறுகுவதற்கு ஏறக்குறைய மூன்று மணி நேரம் பிடித்தது. எனக்கு வைத்தது அதற்குப் பின் வந்த, டிரைகால்சியம் சிலிகேட்டை முதன்மையாகக் கொண்ட பயோடென்டைன். கலக்கும் நீரில் கால்சியம் குளோரைடு இருப்பதால் பன்னிரண்டு நிமிடங்களில் இறுகிவிடுகிறது. கம்பி துருப்பிடிக்கும் என்பதால் கான்கிரீட்டில் அந்த உப்பைக் கண்டாலே நாங்கள் விரட்டுவோம், அதிலும் இந்தக் கடற்கரை ஊரில் கேட்கவே வேண்டாம். பல்லில் கம்பி இல்லாதது நல்லதாயிற்று. இதைப் படித்துவிட்டு யாரும் மூட்டை சிமெண்டைப் பல்லோடு சேர்த்து நினைக்க வேண்டாம். ஆர்செனிக் போன்ற மாசுகள் அதில் இருக்கக்கூடும். மருத்துவச் சரக்கு தூய்மையாகத் தனியே செய்யப்படுவது.

இவ்வளவு கேட்ட பிறகும் பொருளின் மேலேயே என் சந்தேகம் நின்றது. அதை மாற்றியது 1965-இல் வெளியான ஓர் ஆய்வு. ககேஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும், கிருமியே இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளின் பல்லைக் கூழ் வரை துளைத்து, அடைக்காமல் அப்படியே விட்டார்கள். உணவுத் துணுக்குகள் திணிந்தும்கூட அந்தக் கூழ் சாகவில்லை, தானே டென்டின் பாலம் கட்டிக்கொண்டது. சாதாரண எலிகளில் கூழ் அழுகியது. அப்படியானால் கூழுக்குப் பெரிய எதிரி, அடைக்கும் சரக்கைவிட அதன் ஓரத்து இடுக்கில் நுழையும் கிருமிதான்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் இதே பல்லுக்கு வெள்ளை அடைப்பு வைத்துக்கொண்டு, குளிர்ந்த தண்ணீர் பட்டால் துள்ளிக்கொண்டிருந்த என் கதை அப்போதுதான் எனக்குப் புரிந்தது. காம்போசிட் எனப்படும் அந்த ரெசின் அடைப்பு ஒளியில் இறுகும்போது சற்றுச் சுருங்கும். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையில் மயிரிழை இடைவெளி விட்டால் ஐப்பசி மழை எப்படி உள்ளே இறங்குமோ, அப்படித்தான் எச்சிலும் கிருமியும் இறங்கியிருக்கின்றன. இறுகாமல் தங்கும் ரெசின் மூலக்கூறுகள் டென்டினின் நுண்குழாய்கள் வழியே கூழை எட்டித் தொல்லை தருவதும் உண்டு. ஆனால் நடுவில் நல்ல டென்டின் ஒரு மில்லிமீட்டர் இருந்தாலே அவற்றின் வீரியம் பெரும்பாலும் அடங்கிவிடும். கிராம்பு எண்ணெய் சேர்ந்த பழைய பல் சிமெண்டும் இப்படித்தான்: டென்டினுக்கு மேலே இருந்தால் வலியை அடக்கும், கூழின்மேல் நேராகப் பட்டால் அதைக் கெடுக்கும்.

ஆறு மாதம் கழித்து, குளிரூட்டிய பஞ்சை மருத்துவர் பல்லில் வைத்தபோது சுருக்கென்று தைத்து, எடுத்த உடனே அடங்கியது. கூழ் உயிரோடு இருக்கிறது என்றார். மறுநாள் தளத்தில் கொத்தனாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டவர், "சிமெண்ட் வெச்சா தண்ணி விடணுமே சார், வாய்க்குள்ள எப்படி விட்டாங்க?" என்றார். எம்.டி.ஏ. வைத்த பல்லில் அது இறுகுவதற்காக ஈரப் பஞ்சை மேலே வைத்து மூடி அனுப்பும் வழக்கம் உண்டு என்பதை அவருக்குச் சொன்னேன்.